மாடக்குளத்துக்குக் கிழக்கே ஒரு ஊர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு படித்துவிட்டு, "டீச்சர், பாதிதான் படிச்சேன்" என்று பின்னூட்டம் போட வேண்டாம்.

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு பேர் பழைய மாணவர்கள், ஒருத்தன் என் தங்கை மகன். "பெரியம்மா, ரிங் ரோடு பக்கம் அஞ்சு சென்ட் பார்த்திருக்கேன். ரேட்டு படியுது. அங்க தண்ணி எப்படி இருக்கும்?" இதைப் புரோக்கரிடம் கேட்டால், "நாற்பது அடியில் தண்ணி" என்பார். நான் புரோக்கர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்தியவள். ஆனால் இது ஒரு வரலாற்றுக் கேள்வி என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மதுரையில் ஓர் இடத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதற்கு, அந்த இடம் நூறு வருஷத்துக்கு முன்பு என்னவாக இருந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நம் ஊரை எப்படிக் குறித்திருக்கிறார்கள் தெரியுமா? "மாடக்குளக்கீழ் மதுரை" என்று. கோயிலை வைத்தோ அரண்மனையை வைத்தோ ஊரை அடையாளம் சொல்லவில்லை, ஒரு கண்மாயை வைத்துச் சொன்னார்கள். "கீழ்" என்பதற்குக் கிழக்கு என்று பொருள் கொள்ளலாம். அந்தக் கண்மாயின் பாசனத்துக்குக் கீழ் உள்ள ஊர் என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் கண்மாய்தான் மூத்தது, ஊர் அதற்கு அடுத்தது. இன்று பழங்காநத்தம் தாண்டிப் போகிறவர்களிடம் மாடக்குளம் என்றால் அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். வைகையில் கொடிமங்கலத்தில் பிரிகிற கால்வாயில் வரும் தண்ணீர் அந்தக் கண்மாய்க்குப் போய்ச் சேர வேண்டும். சேருகிற வருஷத்தில் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் வாளிக் கயிறு பாதி போதும்.

வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு வைப்பேன். உங்கள் தெருப் பெயரில், பகுதிப் பெயரில் தண்ணீர் இருக்கிறதா என்று தேடச் சொல்வேன். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், கோசாகுளம், உலகநேரி என்று கரும்பலகை நிறைந்துவிடும். "இதில் எத்தனை குளத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே ஏழுகடல் தெரு என்று ஒன்று இருக்கிறது. காஞ்சனமாலை நீராடுவதற்காக ஏழு கடலும் வந்து சேர்ந்த இடம் என்று திருவிளையாடல் சொல்கிற தெப்பம் அங்கேதான் இருந்தது. அது இப்போது வணிக வளாகம். ஏழு கடலையும் தூர்த்த ஊர் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, கண்மாய் எப்படி வேலை செய்கிறது என்பதை இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்மாய் என்பது கரையும் தண்ணீரும் மட்டும் இல்லை. தண்ணீர் வந்து சேர வரத்துக்கால் வேண்டும். வயலுக்குப் போக மடை வேண்டும். நிறைந்தால் வழிய கலுங்கு வேண்டும். கலுங்கில் வழிந்தது மறுகாலாக ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது, கடைசியில் வைகை, அல்லது கிருதுமால் நதி. ஒரு சங்கிலி மாதிரி. கிருதுமால் என்றதும் மூக்கைப் பொத்துகிறீர்கள், தெரியும். பாகவதத்தில் அரசன் கையில் குட்டி மீனாகத் திருமால் வந்து சேர்ந்த கிருதமாலா என்னும் ஆறு இதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊருக்குள் அதைச் சாக்கடை என்கிறோம். ஊரைத் தாண்டிப் போனால் சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களுக்கு அதுதான் ஆறு.

இனி வீடு கட்டிய கதை. மதுரையின் முதல் பெரிய லேஅவுட் எது என்று கேட்டால் நான் வெளி வீதியைச் சொல்வேன். விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு கட்டிய கோட்டையும் அதைச் சுற்றி அகழியும் இருந்தன. ஊர் உள்ளே நெருங்கி, காற்றுப் புகாமல், காய்ச்சலில் தவித்தது. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அரசிடம் பணம் இல்லை. சுவரை இடித்துத் தன் பங்கு அகழியை மூடுகிறவருக்கு அந்த மனை சொந்தம் என்று சொல்லிவிட்டார். வேலை மளமளவென்று முடிந்தது. அளந்து கொடுத்த மாரட்டின் பெயரிலும் பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் வீதிகள் வந்தன. ஊர்மக்கள் பிளாக்பர்னுக்கு நன்றியாக ஒரு விளக்கு வைத்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவீர்களே, அந்த விளக்குத்தூண்தான்.

பிளாக்பர்னைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தேங்கிய அகழியைவிட வீதி நல்லதுதான். ஆனால் தண்ணீர் நின்ற இடத்தை மூடினால் மனை கிடைக்கும் என்ற பாடத்தை ஊர் அன்றைக்கே கற்றுக்கொண்டது. அதை இன்னும் மறக்கவில்லை.

அப்போது குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்? ஆற்று மணல்தான். கீழடியில் உறைகிணறுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அதே வழிதான். நான் செல்லூரில் வளர்ந்தவள். சித்திரை வெயிலில் வைகை காய்ந்து கிடக்கும்போது எங்கள் அம்மா மணலில் முழங்கை ஆழம் தோண்டுவார். முதலில் கலங்கல் வரும், அதை இறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பிறகு கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஊறும். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிறைக்க அரை மணி நேரம். நகராட்சி செய்ததும் ஏறத்தாழ அதேதான், கொஞ்சம் பெரிய அளவில். 1866இல் மதுரை நகராட்சி ஆனது. 1871 கணக்கெடுப்பில் ஊரில் சுமார் 52 ஆயிரம் பேர். 1901இல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர். இரண்டு மடங்கு ஆன ஊருக்கு அரப்பாளையத்தில் ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரைச் சேர்த்து, இயந்திரம் வைத்து இறைத்துக் குழாயில் விட்டார்கள். பிற்பாடு கோச்சடையிலும் அப்படியே.

இதற்குள் இன்னொரு பெரிய விஷயம் நடந்துவிட்டது. 1895இல் பென்னிகுயிக்கின் பெரியாறு அணை. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தார்கள். இதை நம் வீடுகளில் விவசாயத்துக்கான அணை என்று மட்டும்தான் சொல்கிறோம். பேரணையில் பிரிந்து மேலூர் வரைக்கும் போகிற கால்வாயைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வருஷத்தில் பல மாதம் வைகையில் தண்ணீர் ஓடியதால் ஆற்று மணல் ஈரமாகவே இருந்தது. அந்த ஈரத்தைத்தான் அரப்பாளையம் இயந்திரம் இறைத்தது. வழியில் நிறைந்த ஒவ்வொரு கண்மாயும் தெருக் கிணறுகளை நிறைத்தது. வயலுக்கு விட்ட தண்ணீரிலேயே ஊரும் குடித்தது. இரண்டுக்கும் தனித்தனித் துறை, தனித்தனிக் கோப்பு எல்லாம் காகிதத்தில்தான். மண்ணுக்கு அடியில் ஒரே தண்ணீர்.

1959இல் காமராஜர் காலத்தில் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது. 71 அடி. இந்த 71 என்ற எண்ணை மதுரைக்காரர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து, ஆற்று மணலை நம்பியது போதாமல் போனதும், அணையிலிருந்தே குழாய் போட்டார்கள். பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, மதுரைக்கு அனுப்பினார்கள். 2017 கோடையில் அந்த அணை அடிவயிறு தெரிய வற்றியது. ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டதும், காற்று அதைக் கரையில் கொண்டுவந்து சேர்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். உலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த மாதத்தில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதலில் வாசல் கிணறு. பிறகு அரப்பாளையம், நடந்து போகிற தூரம். பிறகு வைகை அணை, சுமார் 70 கிலோமீட்டர். 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியது முல்லைப்பெரியாறு குடிநீர்த் திட்டம். கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பில் தண்ணீர் எடுத்து, பண்ணைப்பட்டி வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் குழாய். நாளைக்கு 125 மில்லியன் லிட்டர். 1,295 கோடி ரூபாய். இதற்கப்பால் மேற்கே போக மலைதான் இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம்.

அந்தத் திட்டத்தைத் தேனிப் பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள். நம் ஆட்கள் சிலர், "குடிக்கிற தண்ணியைப் போய்த் தடுக்கிறாங்களே" என்று கோபப்பட்டார்கள். அவர்கள் சொன்னதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆற்றில் வரும் தண்ணீர் கம்பத்திலிருந்து மதுரை வரை வழியெல்லாம் கசிந்து, கிணறுகளை ஊற வைத்துக்கொண்டே வரும். குழாயில் வருவது நம் வீட்டுத் தொட்டியில்தான் வாய் திறக்கும். மதுரைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் அதே குழாய்தான். ஆனால் இத்தனை தூரம் போகும்படி ஆனது ஏன் என்று நாம் நம்மைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் ஊர் வளர்ந்தது கண்மாய்களின் மேல். 1971இல் மாநகராட்சி. 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி எல்லாம் சேர்ந்து 72 வார்டு 100 வார்டு ஆனது. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் ஒரே நாளில் 148 சதுர கிலோமீட்டர். சேர்ந்த இடங்களில் பெரும்பகுதி கண்மாய்ப் பாசன நிலம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் திறக்கப்பட்டது, உலகநேரிக் கண்மாயில்தான். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று எத்தனையோ நல்ல தீர்ப்புகள் அந்தக் கட்டடத்திலிருந்து வந்திருக்கின்றன. நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை, இடம் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள் அல்ல. அரசுக்கு ஓர் அலுவலகம் கட்ட வேண்டுமென்றால் முதலில் கண்ணில் படுவது கண்மாய்தான். பணம் கொடுத்து நிலம் எடுக்க வேண்டாம், வழக்கு இல்லை, இழப்பீடு இல்லை. பட்டா இல்லாத மேடையில் பந்தல் போடுவது மாதிரி.

ஆக்கிரமிப்பால்தான் கண்மாய் சாகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் வரிசை வேறு. முதலில் வயலை விற்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு இன்ஜினியரிங் கல்லூரி, யாரைக் குறை சொல்வது? நஞ்சை மனையாகிறது. வயல் இல்லாத கண்மாய்க்கு மடை திறக்கிற நீர்பாய்ச்சி எதற்கு? அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுகிறார். நீர்பாய்ச்சி இல்லையென்றால் வரத்துக்காலை வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிவிட ஆள் கூட்ட யாரும் இல்லை. வெட்டாத கால்வாயில் புது வீடுகளின் சாக்கடை சேருகிறது. கண்மாயில் ஆகாயத்தாமரை மண்டுகிறது, கொசு வருகிறது. அப்போது அந்தத் தெருக்காரர்களே மனு எழுதுகிறார்கள்: இந்தக் கண்மாய் யாருக்கும் பயனில்லை, மூடிவிட்டுப் பூங்கா அமைத்துத் தாருங்கள். ஆக்கிரமிப்பு கடைசியில் வருவது. அதற்கு முன்பே கண்மாய்க்கு உரிமைக்காரர்கள் இல்லாமல் போய்விடுகிறார்கள்.

நம் ஊர்ச் சாமி கதையிலேயே இது இருக்கிறது. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சொக்கநாதரே மண் சுமந்தார், வேலை செய்யாமல் தூங்கியதற்காகப் பிரம்படி பட்டார். பக்தியை விட்டுவிட்டு அந்த உத்தரவை மட்டும் பாருங்கள். பிட்டு விற்கிற கிழவிக்கும் கரையில் ஒரு பங்கு உண்டு. அவளுக்கு வயல் இருந்ததாகக் கதை சொல்லவில்லை. ஊரில் குடியிருந்தாலே பங்கு. இதற்குப் பெயர்தான் குடிமராமத்து. வெள்ளைக்காரர்கள் 1858இல் இதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினார்கள். ஏழைகளைப் பிடித்து வேலை வாங்குகிற வழியாகவும் அது இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது, வேண்டவும் வேண்டாம். 2017இல் அரசு அந்தப் பெயரையே ஒரு திட்டத்துக்கு வைத்தது. பெயர் வந்தது, வேலையும் சில இடங்களில் நடந்தது. ஆனால் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டியவருக்கு அந்தக் கரையில் என்ன பங்கு என்பதை யாரும் சொல்லவில்லை. ஆவணி மாதம் புட்டுத்தோப்பில் திருவிழாவுக்குக் கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

பங்கு இல்லாத கரை என்ன செய்யும் என்பதை 2024 அக்டோபர் 25 அன்று பார்த்தோம். ஒரே நாளில் சுமார் 10 செ.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி பிற்பகலில் சிறிது நேரத்தில் கொட்டியது. ஆனையூர்ப் பக்கத்துக் கண்மாய்களின் மறுகால் செல்லூர்க் கண்மாய்க்கு வரும். அங்கிருந்து பந்தல்குடிக் கால்வாய் வழியாக வைகைக்குப் போகும். சங்கிலி என்றேனே, அதுதான். மேலே இருந்த கண்மாய்களின் கொள்ளளவு சுருங்கி, கீழே கால்வாயும் குறுகிப் போனதால் தண்ணீர் செல்லூர், நரிமேடு பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. நான் பிறந்து வளர்ந்த தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று சித்தி மகள் போனில் அழுதாள். அதற்கு அடுத்த கோடையில் அதே தெருவில் லாரித் தண்ணீருக்கு வரிசை. சென்னை உறவினர்கள் சிரிக்க வேண்டாம். 2015இல் வெள்ளம், 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர், உங்கள் கதையும் இதே கதைதான்.

இனி, இடம் வாங்குகிற பிள்ளைகளுக்கு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். "அ" பதிவேட்டைப் பாருங்கள், அந்த சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, குளம் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா என்று அதில் இருக்கும். பட்டா விவரமும் "அ" பதிவேடும் இணையத்திலேயே கிடைக்கின்றன. புல வரைபடத்தை வாங்கி, உங்கள் மனைக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடாக ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். அது வாய்க்காலாக இருந்தால், புரோக்கர் காட்டுகிற இடத்தில் அது இன்னும் இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைநாளில் அது தன் பழைய வழியைத் தேடி வரும், உங்கள் ஹாலில் விருந்தாளியாக. நஞ்சை என்று இருந்தாலே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் மதுரையில் பாதிப் பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எந்தக் கண்மாய்க்குக் கீழே இருக்கிறீர்கள், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தால் எங்கே போகிறது, இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும், அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் உங்களுக்குத் தெரியும். வரன்முறைப்படுத்திய காகிதத்தால் போரில் தண்ணீர் ஊறாது.

தண்ணீர் திரும்பி வரவே வராதா என்று கேட்டால், வந்த இடம் ஒன்றும் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது, சுமார் 16 ஏக்கர். வைகையிலிருந்து தானாகவே தண்ணீர் ஏறும்படி கால்வாய் வைத்துக் கட்டியது. உங்களில் பலருக்கு அது குளம் என்பதே தெரியாது, கிரிக்கெட் மைதானம். தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் அவசரமாகத் தண்ணீர் நிரப்புவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு பனையூர்க் கால்வாயை மீட்டுத் தூர்வாரினார்கள். வைகையில் தண்ணீர் விட்டபோது மோட்டார் இல்லாமல், நாயக்கர் காலத்தில் வந்த வழியிலேயே தண்ணீர் வந்து குளத்தில் விழுந்தது. காமராஜர் சாலைப் பக்கத்திலும் அனுப்பானடியிலும் வற்றிக் கிடந்த போர்களில் தண்ணீர் ஏறியதாக அங்கே குடியிருப்பவர்கள் சொல்கிறார்கள். மைதானம் போய்விட்டதே என்று என் பேரனுக்கு மட்டும் வருத்தம்.

உங்கள் பகுதியில் எந்தக் கண்மாய், அதன் வரத்துக்கால் எங்கே ஓடியது என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஆனையூர், விளாங்குடி, அவனியாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும். கையெழுத்து மோசம் என்ற சாக்கு இப்போது செல்லாது.